மாத்திரை போட்டும் உதட்டுக் கொப்புளம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லூரிக் காலத்திலிருந்தே வருடத்துக்கு மூன்று நான்கு முறை கீழுதட்டின் ஓரத்தில், அதே இடத்தில், நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வருகின்றன, தூக்கம் கெட்டாலோ காய்ச்சல் அடித்தாலோ கட்டாயம் வந்துவிடும், தோல் மருத்துவர் அசைக்ளோவிர் எழுதிக்கொடுத்து "இது ஹெர்பிஸ் வைரஸ், உங்கள் செல்லுக்குள் போய்த் தன் டிஎன்ஏவை நகலெடுக்கிறது, மாத்திரை அதை நிறுத்தும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், வெளியே அடுத்தவர் காத்திருந்ததால் மேலே கேட்கத் தயக்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விகள் மூன்று. வைரஸ் என் செல்லுக்குள் எப்படி நகலெடுக்கிறது? அப்படியானால் என் டிஎன்ஏவே மாறிப்போய், என் ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் அது போயிருக்குமா? நகலெடுப்பதை மாத்திரை நிறுத்துகிறது என்றால் பத்து வருடமாக ஏன் வந்துகொண்டே இருக்கிறது? கடைசியில் ஒரு ஓரக்கேள்வி, கொரோனாவும் இப்படித்தானா என்று.

இரண்டாவது கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று தெரிகிறது, அதனால் அதற்கு முதலில் பதில்: இல்லை, உங்கள் டிஎன்ஏ மாறவில்லை, அது வழியாகக் குழந்தைக்கு எதுவும் போகவும் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மூன்றாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்குள்ளேயே இருப்பதால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

நான் நுண்ணுயிரியல் மருத்துவர். நோயாளிகளைப் பார்ப்பதைவிட அவர்களிடமிருந்து எடுத்து அனுப்பிய மாதிரிகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கொப்புளம் உடைவதற்கு முன் அதன் மேல்தோலை நீக்கி, அடிப்பகுதியை லேசாகச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தேய்த்து, ஜீம்சா சாயம் போட்டுப் பார்க்கும் ஒரு பழைய பரிசோதனை உண்டு. ட்சாங்க் பரிசோதனை என்போம். இப்போது பிசிஆர் வந்துவிட்டதால் அதற்கு மவுசு குறைந்துவிட்டது, இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸா சின்னம்மை வைரஸா என்று பிரித்துச் சொல்லவும் அதனால் முடியாது. ஆனாலும் உங்கள் முதல் கேள்விக்கு அந்தச் சில்லைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. சாதாரணத் தோல் செல்லில் நடுவில் ஒரே ஒரு நியூக்ளியஸ், அதாவது டிஎன்ஏவைப் பொதிந்து வைத்திருக்கும் உட்கரு, இருக்கும், ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாக. கொப்புளத்திலிருந்து எடுத்த சில்லிலோ அங்கங்கே ராட்சத செல்கள் தெரியும். பல செல்கள் ஒன்றாக உருகி ஒட்டிக்கொண்டதால் ஒரே செல்லுக்குள் ஐந்து, எட்டு, பத்து நியூக்ளியஸ்கள், இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கி, உருண்டை வடிவம் போய்ப் பக்கங்கள் தட்டையாகி நிற்கும். ஒவ்வொரு நியூக்ளியஸின் ஓரத்திலும் மை தீட்டினாற்போல ஒரு கருங்கோடு. நடுவில் மட்டும் தேய்த்த கண்ணாடி போல வெளிறி, மங்கலாக.

அந்த ஓரத்துக் கருங்கோடுதான் நோயாளியின் சொந்த டிஎன்ஏ, சுவரோரமாக ஒதுக்கித் தள்ளப்பட்டது. வெளிறிய நடுப்பகுதியில்தான் வைரஸ் தன் பட்டறையை விரித்திருக்கிறது. முதல் முறை இதைப் பார்த்தபோது சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து நான் இன்னொரு சில்லுக்குச் சாயம் போட்டேன், அதுவும் அப்படியே வந்தது, பக்கத்து மேசையில் இருந்த சீனியர் சிரித்துவிட்டார்.

சரி, அங்கே அது எப்படிப் போய்ச் சேர்ந்தது?

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் டிஎன்ஏவில் சுமார் 1,52,000 எழுத்து ஜோடிகள், 80 போல மரபணுக்கள். நம்முடைய ஒரு செல்லில் 600 கோடிக்கு மேல் எழுத்து ஜோடிகள் என்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு துண்டுச் சீட்டு. ஆனாலும் நேராக நீட்டினால் அந்தச் சீட்டு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நீளம் வரும், அதை அடைத்து வைத்திருக்கும் கேப்சிட் என்ற புரதக்கூட்டின் அகலமோ 125 நானோமீட்டர்தான். அதாவது பெட்டியின் அகலத்தைப்போல நானூறு மடங்கு நீளமான நூலை உள்ளே திணித்திருக்கிறது. அந்தக் கூட்டுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயருக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இந்த அழுத்தம் வீண் போவதில்லை, கொஞ்சம் பொறுங்கள்.

வைரஸின் வெளியுறை உங்கள் தோல் செல்லின் சவ்வோடு இணைந்ததும் கேப்சிட் உள்ளே விழுகிறது. செல்லுக்குள் நுண்குழாய்களால் ஆன தண்டவாளங்கள் உண்டு, அவற்றின் மேல் டைனீன் என்ற புரதம் சுமைதூக்கி போல ஓடும். கேப்சிட் அதன் மேல் தொற்றிக்கொண்டு நியூக்ளியஸ் வாசல் வரை வருகிறது, டிக்கெட் எடுக்காத பயணம். வாசலின் துளை கேப்சிட் நுழைய முடியாத அளவுக்குச் சிறியது. அதனால் கூடு வெளியிலேயே ஒட்டிக்கொண்டு, ஒரு முனையில் இருக்கும் சிறு வாயைத் திறக்கிறது. அப்போதுதான் அந்த அழுத்தம் வேலை செய்கிறது: நெருக்கியடித்து வைத்திருந்த டிஎன்ஏ துளை வழியாக நியூக்ளியஸுக்குள் பீய்ச்சிக்கொண்டு போகிறது. காலிக் கூடு வெளியில் கிடக்கும்.

உள்ளே போனதும் செல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஊர் பேர் தெரியாத டிஎன்ஏ வந்துவிட்டது என்று நியூக்ளியஸில் சில காவல் புரதங்கள் உடனே சூழ்ந்து அதைச் சுருட்டிக் கட்டி வாயடைக்கப் பார்க்கும். வைரஸும் இதை எதிர்பார்த்தே வந்திருக்கிறது. கூட்டோடு சேர்த்துக் கொண்டுவந்த விபி16 என்ற புரதம், நம் செல்லின் இரண்டு புரதங்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு வைரஸின் முதல் தொகுதி மரபணுக்களைத் தட்டி எழுப்பும். அந்தத் தொகுதியில் பிறக்கும் ஐசிபி0 என்ற புரதம் காவல் புரதங்களை அழிவுக்குக் குறிவைத்துக் கொடுக்கும். இந்த முதல் சில மணி நேரத்தில் யார் முந்துகிறார்கள் என்பதில்தான் அந்த செல்லின் தலையெழுத்து இருக்கிறது. வைரஸ் முந்தினால் கொப்புளம். செல் முந்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன், உங்கள் பத்து வருடக் கதை அதில்தான் இருக்கிறது.

வைரஸ் முந்தியது என்று வையுங்கள். மரபணுக்கள் மூன்று தொகுதியாக, முறை வைத்து வேலைக்கு வரும். முதல் தொகுதி ஆட்சியைப் பிடிக்க, இரண்டாவது தொகுதி நகலெடுக்கும் கருவிகளைச் செய்ய, மூன்றாவது தொகுதி புதுக் கூடுகள் செய்ய. மரபணுவை வாசித்துச் செய்தி எழுதுவதும், அந்தச் செய்தியைப் படித்துப் புரதம் கட்டுவதும், எல்லாவற்றுக்குமான சக்தியும் உங்கள் செல்லின் உபயம். இதற்கெல்லாம் வைரஸ் சொந்தமாக எதையும் கொண்டுவருவதில்லை. ஆனால் டிஎன்ஏவை நகலெடுக்கும் இயந்திரத்தை மட்டும் அது யாரையும் நம்பாமல் சொந்தமாகவே செய்துகொள்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

ஏன் சொந்த இயந்திரம்? நம் செல்லில் நகலெடுக்கும் கருவிகள் இல்லையா என்றால் இருக்கின்றன, ஆனால் செல் இரண்டாகப் பிரியத் தயாராகும் சில மணி நேரத்தில் மட்டும்தான் அவை களத்தில் இருக்கும். வளர்ந்த மனிதர் உடம்பில் பெரும்பாலான செல்கள் எந்நேரமும் ஓய்வில்தான் இருக்கின்றன. நரம்பு செல்களோ பிரிவதே இல்லை. கடை எப்போது திறக்கும் என்று வாசலில் காத்திருக்க ஹெர்பிஸுக்கு மனமில்லை, சொந்தமாகக் கடை போட்டுவிட்டது.

அந்தக் கடையில் ஏழு புரதங்கள் வேலை பார்க்கின்றன. டிஎன்ஏ என்பது முறுக்கிய இரட்டை இழை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நியூக்ளியஸுக்குள் வந்ததும் வைரஸின் டிஎன்ஏ இரு முனைகளையும் சேர்த்து வட்டமாகிவிடுகிறது. அந்த வட்டத்தில் 'இங்கே தொடங்கு' என்று மூன்று இடங்களில் குறி உண்டு. ஒரு புரதம் அந்தக் குறியைக் கண்டுபிடித்து முடிச்சை இளக்கும். மூன்று புரதங்கள் ஒரு குழுவாக நின்று இழைகளைப் பிரித்துக்கொண்டே முன்னேறி, நகல் தொடங்கச் சிறு பிள்ளையார் சுழியும் போட்டுக் கொடுக்கும். பிரிந்த இழைகள் திரும்பவும் ஒட்டிக்கொள்ளாமல் ஒன்று அவற்றின் மேல் படர்ந்து காக்கும். அப்புறம் முக்கியஸ்தர், டிஎன்ஏ பாலிமரேஸ், எதிர் எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போவார், அவர் வழுக்கி விழாமல் இழையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒரு துணையாள். இந்தப் பாலிமரேஸ் தப்பான எழுத்தைக் கோத்துவிட்டால் ஓரடி பின்வாங்கி அழித்துத் திருத்தவும் செய்யும்.

வட்டமாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. சுற்றிச் சுற்றி நகலெடுத்துக்கொண்டே போனால், பேருந்து டிக்கெட் சுருள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிய நகல்கள் நீளமாக வந்துகொண்டே இருக்கும். நடைமுறையில் இது இத்தனை ஒழுங்காக நடப்பதில்லை, நகல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிளைத்து இடியாப்பச் சிக்கலாகத்தான் கிடக்கும். ஆனால் கடைசியில் சுருள் மாதிரி நீண்ட இழைகள்தான் கிடைக்கின்றன. காலிப் புதுக் கூடுகள் அங்கேயே நியூக்ளியஸில் தயாராக இருக்கும், டெர்மினேஸ் என்ற ஒரு புரதக் குழு சுருளின் நுனியைப் பிடித்துக் கூட்டுக்குள் பம்ப் செய்து திணித்து, ஒரு முழு நகல் உள்ளே போய் அடையாளக் குறி வந்ததும் நறுக்கென்று கிழித்துவிடும். அடுத்த கூடு, அடுத்த துண்டு. நான் முன்பு சொன்ன அழுத்தம் இந்தத் திணிப்பில்தான் உருவாகிறது. வைரஸ் நுழைந்த சுமார் மூன்று மணி நேரத்தில் நகலெடுப்பு தொடங்கி, பதினெட்டு இருபது மணி நேரத்துக்குள் அந்த செல்லின் கதை முடிந்து புது வைரஸ்கள் பக்கத்து செல்களுக்குக் கிளம்பிவிடும். ஆய்வகத்தில் செல் வளர்த்த குடுவையில் காலையில் வைரஸை விட்டால், அடியில் தரை ஓடு பதித்த மாதிரி ஒழுங்காக இருந்த செல்கள் மறுநாள் காலையில் உருண்டு திரண்டு, பிடி விட்டு, ஊட்டத் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். ஓய்வில் இருக்கும் செல்லில் சொந்த இயந்திரம் மட்டும் இருந்தால் போதாது, கோக்க எழுத்துகளும் வேண்டும். பிரியாத செல்லில் டிஎன்ஏ எழுத்துகளின் கையிருப்பு குறைவு. அதற்கும் ஹெர்பிஸ் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது: கிடைக்கும் மூலப்பொருளோடு பாஸ்பேட்டைச் சேர்த்து எழுத்தாகத் தயாரித்துக்கொள்ள தைமிடின் கைனேஸ் என்ற சொந்த நொதி. நம்மிடமும் அந்தப் பெயரில் ஒரு நொதி உண்டு, ஆனால் நம்முடையது கறார் பேர்வழி, சரியான மூலப்பொருளைத்தான் தொடும். வைரஸுடையது எதைக் கொடுத்தாலும் பெரிதாகச் சந்தேகப்படாமல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும்.

அசைக்ளோவிர் அந்த இடத்தில்தான் நுழைகிறது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான ஜி போலவே தோற்றம், ஆனால் சர்க்கரை வளையம் முழுதாக இல்லை. ரயில் பெட்டிக்கு முன்னும் பின்னும் கொக்கி இருந்தால்தான் வண்டி நீளும், இந்தப் பெட்டிக்கு முன்கொக்கி மட்டும்தான். மாத்திரை போட்டால் அது உடம்பெங்கும் போகிறது, எல்லா செல்லுக்குள்ளும் நுழைகிறது, ஆனால் நல்ல செல்லில் முதல் பாஸ்பேட்டை ஒட்ட ஆளில்லாததால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். வைரஸ் புகுந்த செல்லில் மட்டும் அந்தச் சந்தேகப்படாத நொதி முதல் பாஸ்பேட்டை ஒட்டிக் கொடுத்துவிடும், மீதி இரண்டை நம் செல்லின் நொதிகள் சேர்க்கும். அப்புறம் வைரஸ் பாலிமரேஸ் அதை ஜி என்று நம்பிக் கோக்கிறது, கோத்ததும் அடுத்த எழுத்துக்குக் கொக்கி இல்லை, இழை அங்கேயே நின்றுவிடுகிறது, பாலிமரேஸும் அதில் மாட்டிக்கொள்கிறது. நம் சொந்தப் பாலிமரேஸ் அதை அத்தனை எளிதில் எடுத்துக்கொள்வதும் இல்லை. அதாவது மருந்தை விஷமாக மாற்றுவதே வைரஸ்தான். எனக்குத் தெரிந்து மருந்தியலில் இத்தனை அழகான கண்ணி அதிகம் இல்லை. இதற்குப் பின்னால் இருந்த ஆய்வுக்குழுவின் தலைவர் கெர்ட்ரூட் எலியன், முனைவர் பட்டம் முடிக்காதவர், மருந்து ஆராய்ச்சிக்காக 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர்.

இத்தனை நல்ல மருந்து இருந்தும் ஏன் திரும்ப வருகிறது? நான் சொன்ன ஒவ்வொரு படியையும் திரும்பப் பாருங்கள். மருந்து வேலை செய்ய வைரஸின் கைனேஸ் வேண்டும், வைரஸின் பாலிமரேஸ் வேண்டும், அந்தப் பாலிமரேஸ் அப்போது ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டும். நகலெடுக்காமல் சும்மா கிடக்கும் வைரஸிடம் இதில் எதுவும் இல்லை.

அப்படிச் சும்மா கிடக்கும் வைரஸ் உங்களிடம் இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே யாரோ முத்தமிட்டபோது உங்களுக்குத் தொற்றியிருக்கும், அப்போது ஒன்றும் தெரியாமலும் போயிருக்கலாம். உதட்டுத் தோலில் பெருகிய வைரஸ்களில் சில அங்கிருக்கும் நரம்பு நுனிக்குள் நுழைந்து, அதே டைனீன் தண்டவாளத்தில் பின்னோக்கிப் பயணம் செய்து, மண்டையோட்டின் அடியில் காதுக்கு முன்பக்கமாக உள்ளே இருக்கும் ஒரு நரம்பு முடிச்சை அடைந்தன. முகத்துக்கு உணர்வு தரும் நரம்பு செல்களின் உடல்கள் அங்கேதான் கூட்டமாக இருக்கின்றன. உதட்டிலிருந்து அவ்வளவு தூரம் வருவதற்குள் விபி16 பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். தட்டி எழுப்ப ஆளில்லை. அங்கே செல் முந்திவிடுகிறது: வைரஸ் வட்டத்தை ஹிஸ்டோன் என்ற நம் சொந்தப் புரதங்களின் மேல் சுற்றிக் கட்டி வாயடைத்துவிடுகிறது. ஆனால் அழிக்கவில்லை. அந்த வட்டம் நியூக்ளியஸுக்குள் தனியாக, புரதம் எதையும் செய்யாமல், வருடக்கணக்காகக் கிடக்கிறது. புரதம் இல்லாததால் நோய் எதிர்ப்பு செல்களுக்கும் அதைக் கண்டுபிடிக்க அடையாளம் இல்லை, மாத்திரைக்கும் பிடித்துக்கொள்ளப் பிடி இல்லை.

காய்ச்சல், தூக்கமின்மை, கடும் வெயில், மன உளைச்சல், சிலருக்கு மாதவிடாய், இவற்றில் ஏதோ ஒன்று அந்த நரம்பு செல்லை உலுக்கும்போது கட்டு தளர்ந்து சில வட்டங்கள் விழித்துக்கொள்ளும். கொஞ்சம் நகலெடுத்து, புது வைரஸ்கள் அதே நரம்பின் வழியாகக் கீழே இறங்கி, அதே நுனியில், உதட்டில் அதே மூலையில் வெளிவரும். எப்போதும் ஒரே இடத்தில் வருவது ஏன் என்று குழம்பியிருந்தீர்களே, அது அந்த நரம்பின் முகவரி. ஆக நீங்கள் போட்ட ஒவ்வொரு மாத்திரையும் வேலை செய்திருக்கிறது, அந்த முறை இறங்கி வந்த வைரஸின் மேல். முடிச்சில் படுத்திருப்பதின் மேல் எந்த மாத்திரையும் இன்று வரை வேலை செய்வதில்லை. "முழுதாகக் குணப்படுத்துகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் இந்தப் பத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தில் அந்த வட்டத்தையே வெட்டும் நொதிகளை நரம்பு முடிச்சுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், எலிகளில் தூங்கும் வைரஸில் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று 2020இல் எழுதினார்கள். எலிகளில்.

இரண்டாவது கேள்விக்கான விளக்கமும் இப்போது கிடைத்துவிட்டது. அந்த வட்டம் உங்கள் குரோமோசோம்களோடு சேர்ந்து ஒட்டுவதில்லை, பக்கத்தில் தனியாகக் கிடக்கிறது, அதுவும் நரம்பு செல்லில். கருமுட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹெர்பிஸ் குடும்பத்திலேயே விதிவிலக்கு ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்காவது படித்துவிட்டு மறுபடி பயந்துவிடக் கூடாது: குழந்தைகளுக்குத் திடீர்க் காய்ச்சலும் தடிப்பும் தரும் ஹெர்பிஸ் 6 என்ற உறவுக்கார வைரஸ் குரோமோசோமின் நுனியில் ஒட்டிக்கொள்ளக்கூடியது, உலகில் ஏறக்குறைய 1 சதவீதம் பேர் அதைப் பெற்றோரிடமிருந்து மரபாகவே பெற்றிருக்கிறார்கள். உங்களுடையது அது இல்லை.

மற்ற வைரஸ்கள் எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொரோனாவிடம் டிஎன்ஏவே கிடையாது, சுமார் 30,000 எழுத்துள்ள ஆர்என்ஏதான். நியூக்ளியஸுக்குள் போகாமல் வெளியிலேயே தன் ஆர்என்ஏ பாலிமரேஸால் நகலெடுத்துக்கொள்ளும். அசைக்ளோவிருக்கு அங்கே வேலையில்லை. டிஎன்ஏ வைரஸ்களிலும் ஆளுக்கொரு வழி. பெரியம்மை வைரஸ் வாசிக்கும் கருவிகளைக்கூடச் சொந்தமாக வைத்திருந்ததால் நியூக்ளியஸ் பக்கமே போகாமல் வெளியிலேயே கடை விரித்தது. பார்வோ பி19 நேர் எதிர், மொத்தமே சுமார் 5,600 எழுத்து, சொந்தப் பாலிமரேஸ் வைக்க இடமில்லாததால் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் சிவப்பணுத் தாய் செல்களைத் தேடிப் போகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸிடமும் பாலிமரேஸ் இல்லை, ஆனால் அது காத்திருப்பதில்லை, செல்லின் இரண்டு பிரேக் புரதங்களை உடைத்து "பிரி, பிரி" என்று தள்ளிவிடுகிறது, செல்லின் நகல் கருவிகள் களத்துக்கு வந்ததும் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. பிரேக் உடைந்த செல் சில பேருக்குப் பல வருடம் கழித்துப் புற்றாகிறது. வைரஸின் பாலிமரேஸ் என்று ஒன்று இல்லாததால் அசைக்ளோவிர் மாதிரிக் கண்ணி வைக்க அங்கே இடமில்லை, அதனால்தான் அதற்கு மாத்திரையைவிடத் தடுப்பூசியையும் பரிசோதனையையும் இத்தனை வலியுறுத்துகிறோம். ஹெபடைட்டிஸ் பி இன்னொரு தினுசு: டிஎன்ஏவிலிருந்து நேராக டிஎன்ஏ எடுக்காமல் நடுவில் ஆர்என்ஏவாக மாறித் திரும்ப டிஎன்ஏவாகிறது, ஹெச்ஐவிக்குத் தரும் டெனோஃபோவிர் இதற்கும் வேலை செய்வது அதனால்தான். கல்லீரல் செல்லில் அதுவும் ஒரு வட்டத்தைப் பதுக்கி வைத்திருக்கிறது, அங்கேயும் இதே கதைதான்.

"வருடக்கணக்காகப் போட்டதால் மருந்து எனக்குப் பழகிவிட்டதா" என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். நோய் எதிர்ப்பு சக்தி நன்றாக இருப்பவர்களிடம் அசைக்ளோவிர் எதிர்ப்பு மிக அரிது. எதிர்ப்பு பெறும் வைரஸ் பெரும்பாலும் கைனேஸை இழந்துதான் அதைப் பெறுகிறது, ஆனால் ஓய்ந்திருக்கும் நரம்பு செல்லில் எழுத்து தயாரிக்க அந்தக் கைனேஸ் அதற்கே தேவை. மருந்திலிருந்து தப்பினால் நரம்பிலிருந்து எழுந்து வருவது அதற்குச் சிரமமாகிவிடுகிறது.

நடைமுறைக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனக் கணிப்பின்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் இந்த வைரஸ் இருக்கிறது, ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை, அடுத்த முறை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மரபணு வழியாகக் குழந்தைக்குப் போகாது என்றேன், எச்சில் வழியாகப் போகும். கொப்புளம் இருக்கும்போது குழந்தைக்கு முத்தம் வேண்டாம், ஒரே டம்ளர், ஒரே துண்டு வேண்டாம். கொப்புளமே இல்லாத நாளிலும் எச்சிலில் கொஞ்சம் வைரஸ் வரலாம் என்பதால் இதை நூறு சதவீதம் தடுக்க முடியாது, ஒன்றரை வயதில் தொற்றினாலும் பொதுவாகப் பெரிய ஆபத்தில்லை. பிறந்து சில வாரங்களே ஆன சிசு என்றால் கதையே வேறு, அந்த வயதில் இது உயிருக்கே ஆபத்து, கொப்புளத்தோடு யாரும் பக்கத்தில் போகக் கூடாது, நீங்கள் உட்பட. கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து மட்டும் வேண்டாம். கொப்புளம் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறவில்லை என்றாலும் காட்டுங்கள்.

தினமும் மாத்திரை போட்டுக் கொப்புளம் வராமலே தடுக்கும் முறையும் உண்டு, வழக்கமாக வருடத்துக்கு ஆறு முறை, அதற்கு மேல் வருகிறவர்களுக்குத்தான் யோசிப்போம். மூன்று நான்கு முறைக்கு, வரும்போது உடனே போடுவதே போதும் என்பது என் கருத்து. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும் என்பதால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரை போடும் நாட்களில் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி வேறு: "கொப்புளம் நன்றாகத் தெரிந்த பிறகு மாத்திரை வாங்கப் போவேன்." அங்கேதான் நேரம் போகிறது. கொப்புளம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் முதல் சுற்று நகலெடுப்பு ஏற்கெனவே முடிந்து, வைரஸ் அடுத்த செல்களுக்குப் போய்விட்டது. முதல் ஒன்றிரண்டு நாளில்தான் நகலெடுப்பு உச்சத்தில் இருக்கும், மருந்துக்குப் பிடி கிடைப்பதும் அப்போதுதான். உங்களுக்கு அந்த மூலையில் முதல் நாளே குறுகுறுப்பும் எரிச்சலும் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த தடவை மருத்துவரிடம் சொல்லி முன்கூட்டியே சீட்டு வாங்கி ஒரு அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குறுகுறுத்த அந்த மணி நேரத்திலேயே முதல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள், நடு இரவானாலும் சரி.